கள்ளுக்கடை: சேலமும் சேர்வராயன் மலையும்

கள்ளுக்கடை என்பது, பனை அல்லது தென்னம்பாளையிலிருந்து இறக்கிய கள்ளை அன்றன்றைக்கே விற்று, அங்கேயே உட்கார்ந்து குடிக்கவும் கூடவே எதையாவது கடித்துக்கொள்ளவும் இடம் தரும் கடை. இங்கிலாந்தில் தெருவுக்கு ஒன்றாக இருக்கும் ‘பப்’ என்ற, ஏல் எனும் பீர்வகை விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் நெருங்கிய உறவு இதுதான். ஏற்காட்டையும் சேர்வராயன் மலையையும் உள்ளடக்கிய சேலம் மாவட்டத்துக்கு இதன் வரலாற்றில் தனி இடம் உண்டு. சென்னை மாகாணத்தில் கள்ளுக்கடைகள் சட்டப்படி முதலில் மூடப்பட்டது இங்கேதான்.

பானம்

கடையைப் புரிந்துகொள்ள முதலில் கள்ளைப் புரிந்துகொள்ள வேண்டும். மரமேறி பாளையின் நுனியைச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டி இறங்குவார். சொட்டும் சாறு காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டினால் உடனே புளிக்கத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு நிற்கும், கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை. நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. காலையில் இறக்கியது இனிப்பாக இருக்கும், பொழுது சாயும்போது கடுக்கும், மறுநாள் காடியாகிவிடும். ஆல்கஹால் அளவு பொதுவாக நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு. சாதாரண ஏலும் ஏறக்குறைய இதே அளவுதான்.

பீப்பாயில் முதிரும் ஏலுக்கும் இதே குணம். திறந்த பீப்பாயை மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவை கெடும். இரண்டுமே உயிருள்ள பானங்கள். தூரம் போகாதவை. தோப்புக்குப் பக்கத்தில் கடை இருக்க வேண்டும், கடைக்குப் பக்கத்தில் குடிப்பவன் இருக்க வேண்டும். கள்ளுக்கடையை அக்கம்பக்கத்துக் கடையாக வைத்திருந்தது எந்த வியாபார உத்தியும் இல்லை, இந்தக் கெட்டுப்போகும் குணம்தான்.

பழைய சான்றுகள்

பெரும்பாணாற்றுப்படையில் வலையர் குடியிருப்பில் மது வடிக்கும் முறை ஒன்று வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல்லை இடித்துச் செய்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிகிறார்கள். பிழிந்ததைச் சுட்ட மீனோடு விருந்தினருக்குத் தருகிறார்கள். முளைதானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, அது புளித்து மதுவாவதுதான் ஏல் காய்ச்சுவதன் அடிப்படை. பார்லிக்குப் பதில் நெல், அவ்வளவுதான். பானத்தையும் உணவையும் சேர்த்தே புலவர் சொல்லியிருப்பதும் கவனிக்க வேண்டியது. இதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடியவர். காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடங்களில் கொடி பறந்ததை அதில் காணலாம். பெயர்ப்பலகைக்கு முந்தைய பெயர்ப்பலகை அது. மறுபக்கம், திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது. கடையும் கண்டனமும் தமிழில் ஏறத்தாழ ஒரே வயதுடையவை.

துரைமார் காலம்

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதே 1820களில்தான் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் நிறுவனம் இந்தியாவுக்குக் கசப்பேற்றிய வெளிர் ஏலை அனுப்பத் தொடங்கியது. மாதக்கணக்கான கப்பல் பயணத்தைத் தாங்க ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை அதில் கூடுதலாகச் சேர்த்தார்கள். ஏலைத் தூரம் போக வைக்கச் செய்த முதல் பெரிய முயற்சிகளில் அது ஒன்று. பிற்பாடு குளிர்ந்த மலைகளிலேயே காய்ச்சத் தொடங்கினார்கள். கசௌலியிலும் நீலகிரியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆலைகள் வந்தன. நீலகிரியின் காசில் ஆலை 1857இல் தொடங்கியது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதையும் வேறு சில தென்னிந்திய ஆலைகளையும் இணைத்து யுனைடெட் புருவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். ஏற்காடும் கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ந்த ஊர்தான். ஆனால் அதன் பெயர் காப்பியோடு ஒட்டிக்கொண்டது.

துரைமார் தங்கள் ஊர் பானத்தைக் கொண்டுவந்தார்களே தவிர, தங்கள் ஊர் பப்பைக் கொண்டுவரவில்லை. பப்பில் வண்டிக்காரனும் வக்கீலும் ஒரே பலகையில் சாய்ந்து நிற்கலாம். இங்கே தோட்ட முதலாளி கூலியாளோடு அப்படி நிற்பதை அந்த ஆட்சியின் ஒழுங்கு அனுமதிக்காது. தென்னிந்திய மலைத்தோட்டங்கள் எங்கும் அவர்கள் குடித்தது பங்களா வராந்தாவிலும் கிளப்பிலும்தான். கிளப்புக்கு உறுப்பினர் பட்டியல் உண்டு, பப்புக்குக் கிடையாது.

ஏலமும் வரியும்

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி (மதுவரி) சட்டம் கள், சாராயம் இரண்டையும் அரசின் கைக்குள் கொண்டுவந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி, கள்ளுக்கடைக்கு ஏலம். ஏலத்தில் அதிகம் கேட்டவர் கடையை எடுத்தார், போட்ட பணத்தை ஒரு வருஷத்துக்குள் எடுத்தாக வேண்டும். கடைக்காரரின் குணம் அங்கிருந்துதான் மாறியது. நாலு மொந்தை கூடுதலாக இறங்கினால்தான் ஏலத்தொகை தேறும் என்ற நிலையில், போதும் என்று குடிகாரனைக் கிளப்பி வீட்டுக்கு அனுப்ப எவருக்கு மனம் வரும்? 1930களில் மாகாண வருவாயில் ஏறத்தாழ கால் பங்கு ஆப்காரியிலிருந்து வந்தது.

அந்தக் கடைகளை நினைத்து இன்று ஏங்குகிறவர்கள் சிலவற்றை மறந்துவிடுகிறார்கள். கூலி கைக்கு வந்த அன்றே கடைக்காரர் கைக்கு மாறியது உண்மை. அடிபட்ட மனைவிமார்கள் உண்மை. அதே சமயம் ஓலைக்கொட்டகை, மண்தரை, மொந்தை, அவித்த முட்டை, சுண்டல், கருவாடு, குடல்கறி என்று ஒரு தினுசான சாப்பாட்டு இடமாகவும் அது இருந்தது. கறி காரமாக இருக்கும். இனிப்பும் புளிப்புமான கள்ளுக்கு அந்தக் காரம் பொருந்தும், அதைவிட முக்கியமாகக் குடிக்கும் வேகத்தைக் குறைக்கும். எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும் வாய் மொந்தையைத் தேடாது.

சேலம், 1937

சேலம் கள்ளுக்கு எதிரான இயக்கத்தின் களமாக ஏற்கெனவே இருந்தது. 1920களின் தொடக்கத்தில், காங்கிரசில் இருந்த ஈ. வெ. ராமசாமி, காந்தியின் மதுவிலக்குக் கொள்கைக்காகச் சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். கள்ளை மறுக்க மரத்தையே வெட்டியது அன்றைய உணர்ச்சியின் அளவைக் காட்டுகிறது (இளநீர் என்ன பாவம் செய்தது என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்). ராஜாஜி எனப்படும் சி. ராஜகோபாலாச்சாரி 1925இல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் அமைத்தார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே அங்கிருந்து ‘விமோசனம்’ பத்திரிகையை நடத்தினார். அதில் உடனிருந்து உழைத்தவர் எழுத்தாளர் கல்கி.

1937இல் மாகாணப் பிரதமரானதும் ராஜாஜி மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தார். அக்டோபர் 1 அன்று, சொந்த மாவட்டமான சேலத்தில் அது நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று சேலத்தில் அடக்கம். ஒரே நாளில் கடைகள் மூடின. அடுத்து சித்தூர், கடப்பை, வடாற்காடு. போன வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. இன்றைய ஜி.எஸ்.டி. ரசீதின் முப்பாட்டன்களில் ஒருவர் சேலத்துக் கள்ளுக்கடை என்று சொன்னால் மிகையாகாது. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் அமலானது.

மாலையில் கால்கள் தானாக நடக்கும் இடமாக டீக்கடை மாறியது. பெஞ்சு, பத்திரிகை, வம்பு, கடன் கணக்கு, கண்ணாடி அலமாரியில் வடை என்று நல்ல பப்புக்கு வேண்டிய எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன, மதுவைத் தவிர. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு லண்டன் நாளிதழில், தாம் விரும்பும் பப் எப்படி இருக்க வேண்டும் என்று விரிவாக எழுதி, கடைசியில் அப்படி ஒரு கடையே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பேச்சுக்கு இடம் தரும் அமைதி, பேர் தெரிந்த முகங்கள், கொறிக்கத் தீனி ஆகியவை அவர் பட்டியலில் உண்டு. அவற்றை அவர் தமிழ்நாட்டு டீக்கடைகளில் தேடியிருந்தால் பாதிக்கு மேல் கிடைத்திருக்கும்.

மறுபடி திறந்து, மறுபடி மூடி

1971இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. கள்ளும் சாராயமும் திரும்பின. அதே 1971இல்தான் பீப்பாய் ஏலைக் காப்பாற்ற பிரிட்டனில் ‘காம்ரா’ என்ற குடிப்போர் இயக்கம் தொடங்கியது. அங்கே பெரிய ஆலைகளின் உயிரற்ற பீரை எதிர்த்துச் சாதாரணக் குடிமக்கள் கிளம்பினார்கள். இங்கே கள்ளுக்காக அப்படி யாரும் கிளம்புவதற்குள், 1974இல் கடைகள் மறுபடி மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983இல் மது வணிகத்துக்கான அரசு நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரியில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மீண்டும் தடை வந்தது, சீமைச்சரக்கு மட்டும் தப்பியது. சாராயம் பிறகு மலிவு மது என்ற பெயரில் கொஞ்ச காலம் வந்துபோயிற்று. கள்ளுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது.

கள்ளில் கலப்படம், குறிப்பாகக் குளோரல் ஹைட்ரேட், தடைக்குச் சொல்லப்படும் காரணம். அது பொய்யில்லை. ஆனால் கணக்கு வேறு இடத்திலும் இருக்கிறது. தோப்புதோறும் கலயம் எண்ணி வரி வாங்குவதைவிட, மூடி முத்திரையிட்ட பாட்டிலுக்கு ஆலை வாசலிலேயே வாங்குவது சுலபம். அரசுக்குப் பிடித்தது தூரம் போகும் சரக்கு. 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

இன்றைய நிலை

டாஸ்மாக் கடையில் உட்கார இடமில்லை. பக்கத்து ‘பார்’ தனியார் டெண்டரில் எடுத்தது. டெண்டரில் விடப்படும் உரிமை இரண்டு: தின்பண்டம் விற்பது, காலி பாட்டில் சேகரிப்பது. ஆக, உணவு என்பது அரசுத் தாளில் காலி பாட்டிலுக்கு இணையாக எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே போனால் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், ஊறுகாய், ஈரத்தரை. 180 மில்லி குவார்ட்டரை இரண்டாகப் பிரித்து ‘கட்டிங்’ அடிப்பவர்கள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஆல்கஹால் உள்ள பானம் உட்கார்ந்து பேசுவதற்கு ஏற்றதல்ல.

ஏற்காட்டில் நிலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு டாஸ்மாக், நட்சத்திர விடுதியில் தங்குபவருக்கு எஃப்.எல். 3 உரிமம் பெற்ற பார். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. ஏரிக்கரையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி போடும் தள்ளுவண்டிக்காரரிடம் நல்ல குடிகடைக்கு வேண்டிய பாதி இருக்கிறது, மறுபாதியைச் சட்டம் தராது. மலையில் வீசியெறியும் பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிப்பதால், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பித் தந்தால் பணத்தைத் தரும் முறை 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பிற இடங்களுக்கும் பரவியது. மொந்தை காலத்தில் இப்படியொரு பிரச்சினையே இல்லை.

சேலத்தில் புறப்படும் கொச்சி நெடுஞ்சாலை வாளையாற்றைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் கள்ளுக்கடைகள் சட்டப்படி திறந்திருக்கின்றன. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிடவே குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு. அங்கேயும் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல முடியாது. பாலக்காட்டுச் சித்தூர்க் கள் வண்டியேறி மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது, தூரம் கூடக்கூடக் கலப்படப் புகாரும் கூடுகிறது. தடை விதித்த பக்கத்தில் கணக்கு இன்னும் மோசம். சேர்வராயனுக்குக் கிழக்கே உள்ள கல்வராயன் மலை அடிவாரத்துக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

கள்ளுக்கு அனுமதி கேட்டு செ. நல்லசாமி தலைமையிலான கள் இயக்கம் நீண்ட காலமாகப் போராடுகிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதிலிருந்து பதநீர் இறக்கலாம், கள் இறக்கினால் வழக்கு. வழக்குப் பதிவாவது, ராஜாஜி சேலத்துக்காகக் கொண்டுவந்த அதே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ். டாஸ்மாக் கடைகள் சரக்கு விற்பதும் அதே சட்டத்தின் கீழ்தான்.