வெயிலை மறந்த வீடுகள்

ஆண்டு முழுவதும் ஞாயிறு காயும் நாட்டில், வெயில் போதாமையால் ஒரு நோய் வரும் என்றால் நம்புவது அரிது. ஆயினும் அந்நோயின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

ரிக்கெட்ஸ் என்பது குழந்தைகளின் எலும்புகள் உறுதி பெறாமல், கால்கள் வில்போல் வளையும் நோய். 1650-ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் கிளிசன் என்னும் ஆங்கில மருத்துவர் இதனைப் பற்றி விரிவானதொரு நூல் வெளியிட்டார். பின்னர் ஆலைப் புகை கவிந்த ஐரோப்பிய நகரங்களின் குறுகிய சந்துகளில் இந்நோய் மலிந்தது. வார்சா நகரத்துக் குழந்தைகளைப் பீடிக்கும் இந்நோய் நாட்டுப்புறக் குழந்தைகளிடம் அருகியிருப்பதைக் கண்ட ஸ்னியாதெட்ஸ்கி என்னும் போலந்து மருத்துவர், வெயிலே இதற்கு மருந்து என்று 1822-இல் எழுதினார். கேட்டவர் சிலரே.

1919-இல் இரண்டு விடைகள் ஒருங்கே கிடைத்தன. இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி, வீட்டுக்குள் வளர்த்த நாய்க்குட்டிகளின் ரிக்கெட்ஸை மீன் எண்ணெயால் தடுத்தார். பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, பிணியுற்ற குழந்தைகள்மீது புறஊதா ஒளியைப் பாய்ச்சினார். ஒரு கையில் ஒளி பட, மறு கையின் எலும்பும் தேறியது! எண்ணெயும் ஒளியும் உடலுக்குத் தருவது ஒரே பயன் என்பது பிறகே விளங்கிற்று. அமெரிக்கரான மெக்காலம் அச்சத்துக்கு வைட்டமின் 'டி' என்று பெயரிட்டார்.

1922-இல் ஹட்சிசன், ஷா என்னும் இருவர் நாசிக் பகுதி ஆராய்ச்சியை வெளியிட்டனர். நல்லுணவு உண்ட செல்வர் இல்லங்களில், கோஷா முறையில் அடைபட்டிருந்தோரிடையே நோய் இருந்தது. எளிய உணவு உண்டு வெயிலில் உழைத்த ஏழைகளிடம் அது காணப்படவில்லை. செல்வம் வாங்கித் தராத மருந்து வாயிற்படிக்கு வெளியே கிடந்தது.

கோஷா தளர்ந்தது, அடைப்பு நீங்கிற்றா? தில்லியிலும் மும்பையிலும் அடுக்குமாடி வீட்டில் வாழும் நம்மவர், கண்ணாடிச் சாளரத்தின் உள்ளே விழும் வெயிலே போதும் என்று எண்ணுவர். வைட்டமின் 'டி'யை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். மாடியிலோ முற்றத்திலோ, கை கால்களில் நேரே படும்படி, நண்பகலை ஒட்டிச் சிறிது நேரம் நிற்பதே பயன் தரும். தோல் கன்றும்வரை காய வேண்டுவதில்லை. தில்லியின் பனிக்காலத்தில் கதிர் மெலியும். அப்போது மீனும், முட்டையின் மஞ்சட் கருவும், இச்சத்துச் சேர்த்த பாலும் துணையாகும்.

மிகையும் தீதே. வெயிலால் இச்சத்து அளவு மீறுவதில்லை, மாத்திரையால் மீறும். பெரியோருக்கு நாளொன்றுக்கு 600 அலகு என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவு. வாரம் ஒன்றாக மருத்துவர் தரும் 60,000 அலகு மாத்திரையைத் தினமும் விழுங்கினால், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து பெருகிச் சிறுநீரகம் கெடக்கூடும்.

மருந்தை மருத்துவர் அளக்கட்டும். வாயிலை நாம் திறப்போம்.