பூட்டிக் கிடக்கும் அறைகள்



போன வாரம் பேத்தி போனில் கேட்டாள்: "தாத்தா, எங்க காலேஜ்ல ஒரு பெரிய ஹால் சும்மா பூட்டிக் கிடக்கு. நாங்க மாடிப்படியில உட்கார்ந்து படிக்கிறோம். கேட்டா திறந்து விடுவாங்களா?" அவளுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1427-இல் தொடங்கப்பட்டது லிங்கன் கல்லூரி. அதன் பக்கத்திலேயே ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். 1700-இல் அதன் கோபுரம் சரிந்து, கட்டடத்தின் பெரும்பகுதி நாசமானது. மீண்டும் எழுப்பினார்கள். 1896 முதல் அதுவே நகரத் தேவாலயமாகவும் விளங்கியது. காலம் மாறியது. இனித் தேவையில்லை என்று 1971-இல் முடிவாகி, கட்டடம் கல்லூரியின் கைக்கு வந்தது.

அவர்கள் அதை இடிக்கவில்லை, பூட்டியும் வைக்கவில்லை. கோபுரமும் வெளிச்சுவரும் அப்படியே நிற்க, உள்ளே தரையை மட்டும் 4 அடிக்கு மேல் உயர்த்தினார்கள். ஏன் தெரியுமா? அதன் அடியில் இன்னும் வாசிப்பு அறைகள் கிடைத்தன! மேலே உயர்ந்த சன்னல்களின் வெளிச்சத்தில் பெரிய கூடம். 1975-இல் அது மாணவர்களின் நூலகம் ஆனது. அதே ஊரில் செயின்ட் எட்மண்ட் ஹால் என்ற கல்லூரியும், 12-ஆம் நூற்றாண்டில் வேர்கொண்ட ஒரு தேவாலயத்தை 1970-இலேயே நூலகமாக்கியிருந்தது. சுற்றிலும் பழைய கல்லறைக் கற்கள்; உள்ளே பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இதை எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மாடி அறை ஒன்று உடைந்த பெஞ்சுகளோடு பூட்டியே கிடந்தது. சாவி என் மேசை டிராயரில். வீட்டில் மின்விளக்கு இல்லாத மாணவி ஒருத்தி, சாயங்காலம் அங்கே படிக்கலாமா என்று கேட்டாள். "ஏதாவது காணாமல் போனால் யார் பொறுப்பு?" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வருடம் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதுதான் காரணமா, எனக்குத் தெரியாது. உடைந்த பெஞ்சுகளை மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் அடுத்தவரிடம் ஒப்படைத்தேன்.

பேத்தியிடம், "நாலு பேராச் சேர்ந்து எழுதிக் கொடும்மா" என்றேன். உங்களில் சிலர் இன்று தலைமையாசிரியர்கள், சிலர் கல்லூரிப் பேராசிரியர்கள். புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்கும் முன், உங்கள் டிராயரை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கேயும் ஒரு சாவி கிடக்கலாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்