நூலகங்கள், தமிழ்நாடு: கணினிமயத்தின் இடர்ப்பாடுகள்

தமிழ்நாட்டின் பொது நூலகங்கள், 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியை முக்கிய ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தவை. கட்டடம், புத்தகம், பத்திரிகை என்னும் பழைய செலவினங்களுக்குப் பின்னரே கணினி வந்து சேர்ந்தமையால், அதனை வாங்குதற்கு ஒருமுறை நிதி கிட்டினும், பராமரிப்புக்கும் சிப்பந்திகளின் பயிற்சிக்கும் ஆண்டுதோறும் வேண்டிய பொருள் கிட்டுவது அரிதாகின்றது.

இவற்றினும் ஆழமான சிரமம் எழுத்தைப் பற்றியது. எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியேற்றத்தைக் கையாண்ட காலத்தில், ஓரிடத்தில் பதித்த நூற்பட்டியல் மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாகவே தோன்றிற்று; 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் அரசின் அங்கீகாரம் பெற்றபோதிலும், 2010-இல் ஒருங்குறியே நியமமானபடியால், முன்னர்ச் செய்த உழைப்பின் ஒரு பகுதி மீண்டும் உருமாற்றத்தை வேண்டி நின்றது. அன்றியும், 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பிரசுரங்களில் ணை, லை, றா முதலியன வேறு வடிவில் அச்சாகியிருத்தலின், இக்கால அச்சில் பழகிய எழுத்துணரி மென்பொருள் அங்கே இடறுகின்றது. பக்கத்தைப் படமெடுத்து வைத்தல் எளிது. அதனுள் ஒரு சொல்லைத் தேடிக் காண்பதே கடினம்.

ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் நீடிக்கும் பதிப்புரிமை பிறிதொரு தடை. நூல்களை அரசு நாட்டுடைமையாக்கும் வழக்கம் இதற்கு ஓரளவு பரிகாரமாயிற்று எனலாம். எனினும், வாரிசு யாரெனத் தெரியாத சிறு பதிப்பகங்களின் நூல்களுக்கு அப்பரிகாரமும் எட்டுவதில்லை.