டபி ஹேய்ஸ்

டபி ஹேய்ஸ் (30 ஜனவரி 1935 – 8 ஜூன் 1973) லண்டனில் பிறந்த ஜாஸ் இசைக்கலைஞர். இயற்பெயர் எட்வர்ட் பிரையன் ஹேய்ஸ். டெனர் சாக்ஸபோனே இவரது முதன்மை வாத்தியம். புல்லாங்குழலும் வைப்ரபோனும் வாசித்தார். வயலின் கலைஞரான தந்தையிடம் முதலில் வயலின் பயின்றார். 16 வயதிலேயே கென்னி பேக்கரின் குழுவில் தொழில்முறைக் கலைஞராகச் சேர்ந்தார்.

1957 முதல் 1959 வரை ரோனி ஸ்காட்டுடன் சேர்ந்து நடத்திய 'ஜாஸ் கூரியர்ஸ்' குழு, இரண்டு டெனர்கள் அசுர வேகத்தில் இழைந்து ஓடும் வாசிப்புக்குப் பேர்போனது. பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாட்டு இசைக்கலைஞர் சங்கங்களின் பரிமாற்ற ஏற்பாட்டில் 1961இல் நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் வாசித்தார். அப்போது கிளார்க் டெர்ரி உள்ளிட்டோருடன் பதிவானதே 'டப்ஸ் இன் நியூயார்க்' தொகுப்பு. மறு ஆண்டு 'ரிட்டர்ன் விசிட்!' தொகுப்பில் ரோலண்ட் கர்க், ஜேம்ஸ் மூடி ஆகியோருக்கு ஈடுகொடுத்தார்.

1964 பிப்ரவரியில் லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் டியூக் எலிங்டன் குழுவின் டெனர் கலைஞர் பால் கொன்சால்வெஸ் வாசிக்க இயலாமல் போனது. கச்சேரி கேட்க வந்திருந்த ஹேய்ஸ், ஒத்திகை ஏதுமின்றி அவர் இடத்தில் அமர்ந்து வாசித்தார்.

மைக் பைன், ரான் மாத்யூசன், டோனி லெவின் மூவருடன் 1967இல் பதிவுசெய்த 'மெக்சிகன் கிரீன்' தொகுப்பு இவரது உச்சம். அதன் தலைப்புப் பாடல் கட்டற்ற ஜாஸை நோக்கித் துணிந்து நகர்கிறது; வேகத்தை மட்டுமே இவரிடம் கண்டவர்கள் அவசியம் கேட்க வேண்டியது.

போதைப் பழக்கமும் இதயநோயும் இவரை முடக்கின. இதய அறுவை சிகிச்சையின்போது 38 வயதில் காலமானார். 1969இல் ஃபொன்டானா இசைப்பதிவு நிறுவனத்துக்காகப் பதிவாகி வெளிவராமல் கிடந்த ஒலிநாடாக்கள் 2019இல் 'கிரிட்ஸ், பீன்ஸ் அண்ட் கிரீன்ஸ்' என்ற பெயரில் வெளியாயின.