கடல் சாமந்தி வளர்ப்பு

கடல் சாமந்தி பூவைப் போலத் தோன்றும் கடல்வாழ் விலங்கு. பவளங்களும் ஜெல்லிமீன்களும் அடங்கிய குழியுடலிகள் தொகுதியைச் சேர்ந்தது. பவளப்பாறைகளை உருவாக்கும் உயிர்களைப் போல இதற்குச் சுண்ணாம்புக் கூடு கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ளும் பாதம், தண்டு போன்ற உடல், உச்சியில் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கொட்டும் செல்கள் நிறைந்த உணர்நீட்சிகள் என எளிய உடலமைப்பு கொண்டது. உணவு போகும் வாய் வழியாகவே கழிவும் வெளியேறும். உலகக் கடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும், கோமாளி மீன்கள் குடியிருப்பது பத்து இனங்களில்தான். வீட்டு உப்புநீர்த் தொட்டியில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பத்திலிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இவற்றுள் வளர்ப்புக்கு எளிதானது 'பபிள் டிப்' என்று கடைகளில் அழைக்கப்படும் குமிழ்நுனிச் சாமந்தி. இதன் அறிவியல் பெயர் என்டாக்மியா குவாட்ரிகலர். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை காணப்படும் இனம் இது. உணர்நீட்சிகளின் நுனி சில காலம் குமிழாகப் பருத்திருக்கும், சில காலம் நீண்டு மெலிந்துவிடும். குமிழ் மறைந்தால் நோய் என்று கொள்ள வேண்டியதில்லை. 'கார்ப்பெட்' எனப்படும் கம்பளச் சாமந்திகள் அரை மீட்டருக்கு மேல் விரியக்கூடியவை. கொட்டும் திறனும் மிகுதி, சிறு மீன்களைப் பிடித்து விழுங்கியும் விடும். ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிகா என்ற இனம் கண்ணைப் பறிக்கும் அழகுடையது. ஆனால் கடும் ஒளியும் வலுவான நீரோட்டமும் வேண்டி ஓயாமல் இடம் மாறும். இவ்விரண்டும் முதல்முறை வளர்ப்பவருக்கு ஏற்றவை அல்ல.

கடல் சாமந்தி இயல்பாகவே நெடுநாள் வாழும் உயிர். ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் கரையில் 1828ஆம் ஆண்டு சர் ஜான் டால்யெல் என்ற இயற்கையியலாளர் எடுத்துவந்த ஆக்டினியா வகைச் சாமந்தி, அவர் மறைவுக்குப் பின்னும் கைமாறிக் கைமாறி, 1887 வரை எடின்பரோவில் ஒரு கண்ணாடிச் சாடியில் உயிரோடு இருந்தது. 'கிரானி' (பாட்டி) என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். பம்பும் விளக்கும் இல்லாத காலம் அது. கடல்நீரைத் தவறாமல் மாற்றியதும் அளவாக உணவிட்டதுமே அதைக் காத்தன. வெப்பமண்டல இனங்களுக்கு இதோடு ஒளியும் வேண்டும். இன்றைய தொட்டிகளில் பல சாமந்திகள் வாங்கிய சில மாதங்களிலேயே மடிகின்றன. இதற்கு ஆயுள் குறைவு காரணமல்ல; பக்குவப்படாத தொட்டியில் அவசரப்பட்டு விடுவதே முதன்மைக் காரணம்.

புதிய தொட்டியில் முதலில் அம்மோனியா பெருகும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தச் சுழற்சி சில வாரங்களில் நிலைகொண்டு, மீன்களும் நலமாக இருக்கும். ஆனால் அப்போதும் நீரின் வேதியியல் நாளுக்கு நாள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மீன் தாங்கும் இந்த ஏற்ற இறக்கத்தைச் சாமந்தி தாங்காது. ஆகவே தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆன பிறகே சாமந்தியை விடுவது முறை. ஓராண்டு பொறுத்தால் இன்னும் நல்லது. சிறு தொட்டியில் நீரின் தன்மை விரைவாக மாறும் என்பதால் 100 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். கம்பளச் சாமந்திக்கு இதைப் போல நான்கு மடங்கு தேவை.

நீர் இயற்கைக் கடலை ஒத்திருக்க வேண்டும். உப்புத்தன்மை ஆயிரத்தில் 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.026. வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். பி.எச். 8.1 முதல் 8.4. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருக்கக்கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். எண்கள் சரியாக இருப்பதைவிட அவை மாறாமல் இருப்பது முக்கியம். தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவை உப்புநீர் கொண்டு நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். எனவே அன்றாடம் ஈடுசெய்வதற்கு ஆர்.ஓ. வடிகட்டியின் நன்னீரையும், வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதற்குப் புதிதாகக் கலக்கிய உப்புநீரையும் பயன்படுத்த வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரும் கடினமான போர்நீரும் இதற்கு உதவா. தாமிரம் முதுகெலும்பற்ற கடல் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. மீன் நோய்க்கான மருந்துகள் பலவற்றில் தாமிரம் உண்டு, ஆகவே நோயுற்ற மீனுக்குத் தனித்தொட்டியில்தான் மருந்திட வேண்டும்.

சென்னை போன்ற ஊர்களில் பெரும் சவால் வெப்பம்தான். கோடையில் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டிநீர் எளிதில் 30 டிகிரியைத் தாண்டும். நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி வைத்தால் ஓரிரு டிகிரி தணியும். சித்திரை, வைகாசி வெயிலுக்குப் பெரும்பாலும் சில்லர் கருவியே தேவைப்படுகிறது. மின்வெட்டின்போது நீரில் ஆக்சிஜன் வேகமாகக் குறைவதால் பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு கையிருப்பில் இருக்க வேண்டும்.

வெப்பம் இவ்வளவு தீங்கு செய்வதற்குக் காரணம் சாமந்தியின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதன் திசுக்களில் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. ஒளிச்சேர்க்கையால் அவை ஆக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு சாமந்திக்குப் போகிறது. நீர் மிகவும் சூடானாலோ ஒளி திடீரென மாறினாலோ இந்தப் பாசிகள் உடலை விட்டு வெளியேறுகின்றன, விலங்கு வெளிறிப்போகிறது. 2016இல் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளிறியதும் இதே காரணத்தால்தான். பழுப்பும் பச்சையும் ரோஜா நிறமும் ஆரோக்கியமானவை. பால்வெள்ளை நிறம் பட்டினியின் அடையாளம். அடர்மஞ்சள், ஊதா என்று விற்கப்படுபவற்றில் வெளிறிய விலங்குக்குச் சாயம் ஏற்றியவையும் உண்டு. இவ்வணிகம் கொடுமையானது. அத்தகையவற்றை வாங்காதிருப்பதே அதற்கு முற்றுப்புள்ளி வைக்கும்.

பாசிகள் ஒளியைக் கொண்டே சர்க்கரை ஆக்குவதால் விளக்கு இங்கே உணவுக்கு நிகர். பவளம் வளர்க்கும் 'ரீஃப்' தொட்டிகளுக்கென்று செய்யப்படும் எல்.இ.டி. விளக்குகள் நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிய வேண்டும். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் 'பார்' அளவு குமிழ்நுனிச் சாமந்திக்கு 100 முதல் 250 வரை போதும். புதிதாக வந்த விலங்குக்கு முதல் நாளே முழு ஒளி காட்டாமல், இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவது நல்லது.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது வாயைப் பார்க்க வேண்டும். வாய் இறுக மூடியிருந்தால் நலம். பிளந்து உட்பகுதி பிதுங்கியிருந்தால் அதை விட்டுவிட வேண்டும். பாதம் கிழியாமல் எதையேனும் பற்றியிருக்க வேண்டும், உணர்நீட்சிகள் தொட்டால் ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிநீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கிய பிறகே உள்ளே விட வேண்டும். குமிழ்நுனி வகை பாறை இடுக்கில் பாதத்தை ஒளித்துக்கொள்ளும். ஹாடோன் கம்பளச் சாமந்தி மணலில் புதைந்து நிற்கும். வளர்ப்பவர் வைத்த இடம் பிடிக்காவிட்டால் சாமந்தி நகரும், சில நாள் அலைந்து தனக்கேற்ற இடத்தில் நிலைகொள்ளும். அதைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி வைப்பது காயப்படுத்தும். ஆனால் அலையும் சாமந்தி, தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட் பம்பில் சிக்கினால் துண்டுதுண்டாகிவிடும்; அந்நீர் மற்ற உயிர்களையும் கொல்லும். பம்பின் வாயை ஸ்பான்ஜ் அல்லது வலையால் மூடாமல் சாமந்தியை வாங்கவே கூடாது.

பாசி தரும் சர்க்கரையில் புரதம் இல்லை. ஆகவே வாரம் ஓரிரு முறை உப்பில்லாத பச்சை இறால், மட்டிச் சதை ஆகியவற்றைச் சிறு துண்டுகளாகத் தர வேண்டும். இடுக்கியால் துண்டை உணர்நீட்சியில் தொட்டவுடன் அது ஒட்டிக்கொள்ளும். பக்கத்து நீட்சிகள் ஒவ்வொன்றாக வளைந்து மூடும், வாயைச் சுற்றியுள்ள தட்டு மடிந்து வாய் துண்டை நோக்கி எழும்பும். சில நிமிடங்களில் உணவு மறைந்துவிடும். துண்டு வாயைவிடப் பெரிதானால் மறுநாள் அரைகுறையாகச் செரித்துத் துப்பப்பட்டு நீரைக் கெடுக்கும்.

கோமாளி மீன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இருந்தால் நன்மை உண்டு. மீனின் கழிவிலுள்ள அம்மோனியா பாசிகளுக்கு உரமாகிறது, இரவில் அதன் துடுப்பசைவு நீரோட்டம் தருகிறது. சாமந்தி சிறிதாக இருந்தால் மீன் ஓயாமல் உரசி நலிவித்துவிடும். மீனைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருப்பது நல்லது. ஒசெல்லாரிஸ் கோமாளி இயற்கையில் குமிழ்நுனிச் சாமந்தியில் வாழ்வதில்லை என்றாலும் தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. வண்ணத்துப்பூச்சி மீன்களும் பேத்தை மீன்களும் உணர்நீட்சிகளைக் கடிப்பவை. வெவ்வேறு இனச் சாமந்திகளை ஒரே தொட்டியில் சேர்ப்பதும் தகாது.

சாமந்தி சில மணி நேரம் சுருங்கிக் கிடப்பது கழிவு நீக்கும் வழக்கமான செயல். நாள்கணக்கில் சுருங்கி, வாய் பிளந்து, பாதப் பிடி தளர்ந்தால் முதலில் உப்பையும் வெப்பத்தையும் அளந்து பார்க்க வேண்டும். உடல் கூழாகி அழுகல் வாடை அடித்தால் அது இறந்துவிட்டது; உடனே அகற்றி, நீரில் பெரும்பகுதியை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் இட வேண்டும்.

நலமாக வளரும் குமிழ்நுனிச் சாமந்தி நடுவே கிழிந்து இரண்டாகப் பிரியும். ஓரிரு வாரங்களில் இரு பாதிகளுக்கும் தனித்தனி வாய் உருவாகிவிடும், அதுவரை உணவிடக்கூடாது. இப்படித் தொட்டியில் பிறந்தவை கடலிலிருந்து பிடித்தவற்றைவிட எளிதில் பிழைக்கின்றன, பவளப்பாறைகளுக்கும் சேதமில்லை. ஒன்றை வேறு தொட்டிக்கு மாற்றக் கத்தி வேண்டாம். பற்றியிருக்கும் சிறு கல்லோடு எடுப்பது சிறந்தது. அது முடியாதபோது கல்லின் மறுபுறம் பனிக்கட்டியை வைத்தால் பாதம் மெல்ல விடுபடும். விரல்நகம் பட்டாலே பாதம் கிழியக்கூடும், கிழிந்த பாதம் ஆறுவது அரிது. கையுறை அணிந்து இதைச் செய்வது கொட்டுதலிலிருந்து வளர்ப்பவரையும், கையில் உள்ள சோப்பு, எண்ணெய்ப் பசையிலிருந்து தொட்டியையும் காக்கும்.