உடம்பு வளையாதவர்களுக்கு யோகா உண்டா? - கொஞ்சம் வரலாறு

எங்கள் அம்மா யோகா கிளாஸில் சேர்ந்து ஒன்பதாவது நாள் நின்றுவிட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு மொட்டைமாடி, காலை ஆறு மணி வகுப்பு. முதல் வாரமே பன்னிரண்டு சூரிய நமஸ்காரம். மாஸ்டர் ஒன்று, இரண்டு என்று எண்ண எண்ண எல்லோரும் குனிந்து நிமிர, அம்மா மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியிருக்கிறார். "இதெல்லாம் உங்களை மாதிரி வயசுப் பசங்களுக்குடா. எனக்கு எங்க வளையுது?" என்று சொல்லிப் பாயைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டார்.

நான் படிப்பது பி.காம். யோகா பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. குனிந்தால் என் விரல் நுனி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிடும் :-) ஆனால் அம்மா கேட்ட கேள்வி மனதில் உட்கார்ந்துகொண்டது. விசாரித்துப் பார்த்தால் புதிதாகச் சேருகிற எல்லோருமே ஏறக்குறைய இதே நான்கைந்து கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். உடம்பு வளையவில்லையே? வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? பெண்கள், வயதானவர்கள் செய்யலாமா? இது மதம் சம்பந்தப்பட்டதா?

கணக்கில் தொகை உதைத்தால் பழைய பக்கங்களைப் புரட்டி, தப்பு எங்கே நுழைந்தது என்று தேடுவோம் இல்லையா? அதேபோல யோகாவின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உடம்பு வளைய வேண்டுமா?

யோகா என்றதும் எல்லோரும் பதஞ்சலியைச் சொல்வார்கள். அவருடைய யோக சூத்திரம் சுமார் 1600 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. அதில் இருப்பது 195 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 196). அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை வெறும் மூன்றுதான்! அதிலும் ஒரு ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாது. இருக்கை ஆடாமல் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் சாரம். காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போடு என்று அவர் சொல்லவே இல்லை.

அடுத்து 15-ம் நூற்றாண்டு. சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகை. இதில் பதினைந்து ஆசனங்கள் வருகின்றன. பெரும்பாலும் உட்கார்ந்து செய்பவை, நின்றுகொண்டு செய்யும் ஆசனம் ஒன்றுகூட இல்லை. இளைஞர், முதியவர், நோயாளி, பலவீனமானவர் யாராக இருந்தாலும் சோம்பல் இல்லாமல் பழகினால் பலன் உண்டு என்று இந்த நூல் சொல்கிறது. அளவுக்கு மீறி உண்பதையும் அளவுக்கு மீறி உடலை வருத்துவதையும் யோகத்தைக் கெடுப்பவை என்ற ஒரே பட்டியலில் வைக்கிறது. ஆக, அம்மாவின் கேள்விக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே பதில் எழுதி வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் மொட்டைமாடியில் பார்க்கிற வேகமும் குனிந்து நிமிர்தலும் எங்கிருந்து வந்தன?

மைசூர் அரண்மனையில் ஒரு வகுப்பு

இதற்குப் பெரிய பங்கு பதில் மைசூரில் இருக்கிறது. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888-ல் இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் பிறந்தவர். வடமொழி சாஸ்திரங்களில் பெரிய பண்டிதர். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரை ஆதரித்து, 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை அமைத்துக் கொடுத்தார். அங்கே மாணவர்களாக வந்தவர்கள் அரச குடும்பத்தோடு தொடர்புள்ள பையன்களும் பள்ளிச் சிறுவர்களும். ஒரே இடத்தில் உட்கார வைத்தால் நெளிகிற வயது.

அவர்களுக்கு ஏற்றபடி ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததற்கு மூச்சோடு சேர்த்துத் தாவிப் போகிற முறையைக் கிருஷ்ணமாச்சாரியார் கற்றுக்கொடுத்தார். வெளியூர்களுக்கும் அழைத்துப்போய் மேடையில் செய்து காட்டச் சொன்னார். யோகா என்றால் சாமியார்கள் விஷயம் என்று ஜனங்கள் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. கண்ணைக் கவர்கிற மாதிரி ஏதாவது செய்தால்தான் கூட்டம் கூடும்.

இந்தத் தாவும் முறையை அவர் எங்கே கற்றார் என்பதில் சண்டை இருக்கிறது. கயிலைப் பக்கம் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டுகள் படித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். மைசூர் அரண்மனையின் பழைய மல்யுத்த, உடற்பயிற்சி மரபும் இதில் கலந்திருக்கிறது என்பது 1996-ல் நார்மன் ஷோமன் எழுதிய நூலின் வாதம். அங்கே 19-ம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஸ்ரீதத்வநிதி என்ற நூலில் 122 ஆசனங்களுக்குப் படம் இருக்கிறது. கயிற்றில் ஏறிச் செய்பவைகூட உண்டு. இரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கலாம் என்பது என் சொந்த அபிப்ராயம்.

சூரிய நமஸ்காரம் இன்னொரு கதை. சூரியனைக் கும்பிடுவது மிகப் பழையது. ஆனால் இன்று நாம் செய்கிற உடற்பயிற்சி வடிவத்தை 1920-களில் ஊர் ஊராகப் பரப்பியவர் இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த அவுந்த் சமஸ்தானத்தின் ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதி. தன் ராஜ்ஜியத்துப் பள்ளிகளில் அதைப் பழக்க வைத்தார். மைசூர் அரண்மனையிலேயே சூரிய நமஸ்கார வகுப்பும் யோகாசன வகுப்பும் தனித்தனியாக நடந்தன என்று மார்க் சிங்கிள்டன் 2010-ல் வந்த தன் நூலில் எழுதுகிறார். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது பிறகுதான்.

இந்த யோகசாலையில் படித்த பட்டாபி ஜோயிஸ் அந்த வேகமான வரிசையை மைசூரில் தொடர்ந்து கற்றுக்கொடுத்தார். 1970-களில் அது அமெரிக்கா போனது. பவர் யோகா, வின்யாச யோகா என்று இன்று கேள்விப்படுகிற பலவற்றுக்கும் ஊற்று அங்கேதான். அதாவது, துடிப்பான பையன்களுக்காக அமைத்த ஒரு பாடத்திட்டம் உலகம் சுற்றி வந்து "யோகா என்றால் இதுதான்" என்று ஆகிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் முழங்கால் வலியோடு போகிறவருக்கு அது கஷ்டமாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

வலித்தால் தாங்கிக்கொள்ள வேண்டுமா?

இதற்குப் பதில் சொல்லத் தகுந்த ஆள் பி.கே.எஸ். அய்யங்கார். 1918-ல், விஷக்காய்ச்சல் உலகையே உலுக்கிய ஆண்டில், பெல்லூரில் பிறந்தவர். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாகப் பட்டு, நோஞ்சானாக மைசூர் வந்து சேர்ந்தார். கிருஷ்ணமாச்சாரியார் அவருக்கு அக்காள் கணவர். குருவோ கடுமையான கோபக்காரர். ஒருமுறை பலர் முன்னிலையில், முன்பு பழகாத அனுமானாசனத்தைச் செய்யச் சொன்னார். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் முழுக்க நீட்டித் தரையில் உட்காருகிற ஆசனம். மறுக்க முடியாமல் செய்தார். தொடையின் பின்தசை கிழிந்துபோய், அந்தத் தொல்லை வெகுகாலம் நீடித்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1937-ல் புனேவுக்கு ஆசிரியராகப் போனார். தன் உடம்பில் பட்ட அடிதான் அவருக்குப் பாடம். செங்கல் மாதிரி மரக்கட்டை, பெல்ட், நாற்காலி, கயிறு, போர்வை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் துணைக்கு வைத்துக்கொள்கிற முறையை உருவாக்கினார். கை தரையைத் தொடவில்லையா, தரையை மேலே தூக்கு, அதாவது ஒரு கட்டையை வை. 1966-ல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய 'யோக ஒளி' நூலில் 200 ஆசனங்களும் சுமார் 600 படங்களும் இருந்தன. அந்தப் படங்களைப் பார்த்து மிரண்டவர்கள் பலர். ஆனால் அதே மனிதர்தான் நாற்காலியையும் கொண்டுவந்து போட்டார் என்பதை மறந்துவிடுகிறோம். தசை இழுபடுவது வேறு, மூட்டுக்குள் சுருக்கென்று குத்துவது வேறு. இரண்டாவது வந்தால் நிறுத்த வேண்டும். அதைப் பல்லைக் கடித்துத் தாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

பெண்கள், வயதானவர்கள்?

1930-களின் பிற்பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பெண் மைசூர் யோகசாலையில் சேரக் கேட்டார். ரிகாவில் பிறந்த இந்திரா தேவி. வெளிநாட்டவர், அதிலும் பெண் என்று கிருஷ்ணமாச்சாரியார் முதலில் மறுத்தார். மகாராஜா எடுத்துச் சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். பிற்பாடு அந்தப் பெண்தான் அமெரிக்காவில் யோகாவைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவரானார். 1899-ல் பிறந்து 2002 வரை வாழ்ந்தார்! இத்தனைக்கும் கிருஷ்ணமாச்சாரியார் தன் வீட்டுப் பெண்களுக்குத் தடை போட்டவர் இல்லை. 1938-ல் எடுத்த ஒரு மௌனப் படத்தில் அவர் மனைவியும் பிள்ளைகளும் ஆசனம் செய்வதை இன்றும் பார்க்கலாம்.

மகாராஜா 1940-ல் காலமானார். சுதந்திரத்துக்குப் பிறகு அரண்மனை ஆதரவு போய் யோகசாலை மூடப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில், அறுபதைத் தாண்டிய வயதில், கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்குக் குடிவந்தார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதியே இதுதான். சென்னையில் அவரைத் தேடி வந்தவர்கள் தாவிக் குதிக்கிற பையன்கள் இல்லை. முதுகுவலிக்காரர்கள், ஆஸ்துமாக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், நடுவயதுப் பெண்கள். அதே வரிசையை இவர்களிடம் நீட்ட முடியுமா? அவர் முறையை மாற்றினார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தார், நாடி பிடித்தார், வயதையும் வேலையையும் கேட்டார். அவரவருக்கு எது முடியுமோ அதை மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்ய வைத்தார்.

1960-களின் தொடக்கத்தில் ஒரு நாள், அவர் மகன் தேசிகாச்சார் வீட்டு வாசலில் இருந்தபோது ஒரு நியூசிலாந்துப் பெண்மணி காரிலிருந்து ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாராம். வெகுகாலமாக மாத்திரை இல்லாமல் தூங்க முடியாதவர், முந்தின இரவு தூங்கிவிட்டார், அந்தச் சந்தோஷம். இன்ஜினீயரிங் முடித்து வேலைக்குப் போகக் காத்திருந்த தேசிகாச்சார், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்பாவிடமே மாணவராகச் சேர்ந்தார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் தொடங்கினார்.

இது மதமா?

கிருஷ்ணமாச்சாரியார் ஆழ்ந்த வைஷ்ணவர். ஆனால் எந்த மதத்திலும் கட்டுப்படாத ஜே. கிருஷ்ணமூர்த்தி அந்தக் குடும்பத்திடம் யோகா கற்றிருக்கிறார். இன்னும் பின்னால் போனால், 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த தத்தாத்ரேய யோக சாஸ்திரம் பிராமணர், பௌத்தர், சமணர், ஏன் கடவுளை நம்பாதவர்கூட இதைப் பழகலாம் என்கிறது. பதஞ்சலியை 11-ம் நூற்றாண்டிலேயே அரபியில் தந்தவர் அல்பெரூனி. 1600-ஐ ஒட்டி அலகாபாத்தில் இளவரசர் சலீமுக்காக (பிற்கால ஜஹாங்கீர்) 21 ஆசனங்களின் படங்களோடு ஒரு பாரசீக நூல் தயாரானது. ஆசனங்களுக்கு வரிசையாகப் படம் போட்டுக் கிடைத்திருக்கிற மிகப் பழைய நூல்களில் அதுவும் ஒன்று. வேர் இந்த மண்ணின் சமயங்களில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் வாசலில் நின்று யாரும் ஜாதகம் கேட்கவில்லை.

முடிவாக

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஒரே குரு, மைசூர்ப் பையன்களுக்கு ஒரு விதமாகவும் சென்னை நோயாளிகளுக்கு வேறு விதமாகவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆளுக்கு ஏற்ற யோகாதான் வழக்கம், யோகாவுக்கு ஏற்ற ஆள் தேடுவது நாம் பிற்பாடு பழகிக்கொண்டது. தோற்றது அம்மா இல்லை, அந்த மொட்டைமாடிப் பாடத்திட்டம்.

கிருஷ்ணமாச்சாரியாருக்கு 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்து, படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தனக்குத் தானே வகுத்துக்கொண்டார் என்று சொல்கிறார்கள். (நீங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்!) 1989-ல், நூறு வயது கடந்து, சென்னையில் மறைந்தார். படுக்கையில் கிடக்கிறவருக்கும் ஒரு யோகா உண்டென்றால் முழங்கால் வலிக்காரருக்கு இருக்காதா?

இதை அம்மாவிடம் கதையாகச் சொன்னேன். "நூறு வயசு மனுஷனுக்கே அப்படியா?" என்றார். டாக்டரிடம் முழங்காலைக் காட்டி, எது கூடாது என்று கேட்டுக்கொண்டு வந்தோம். இப்போது தினமும் காலையில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்தபடி கையை மேலே தூக்கி, விட்டபடி இறக்குகிறார். பத்து நிமிஷம், அவ்வளவுதான். பாய் இன்னும் பரணில்தான் இருக்கிறது.

கொசுறு: கிருஷ்ணமாச்சாரியார் 1934-ல் கன்னடத்தில் எழுதிய 'யோக மகரந்தம்' 1938-ல் மதுரையில் தமிழில் வெளிவந்தது. பிற்காலத்து ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ஒன்று அந்தத் தமிழ்ப் பதிப்பிலிருந்து செய்யப்பட்டதுதான். உங்கள் வீட்டில் யாராவது யோகாவைப் பாதியில் விட்டிருந்தால், ஏன் விட்டார்கள் என்று கேட்டுச் சொல்லுங்களேன்.