செல்லுக்குள் நடக்கும் துப்புரவும் முதுமையும்

வீட்டில் பெரியவர் ஒருவரின் கை நடுங்கினால், "வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் முதுமை வருடக் கணக்கு மட்டுமல்ல. நம் செல்கள் தமக்குள் சேரும் பழுதை எவ்வளவு ஒழுங்காக அகற்றுகின்றன என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியா என்றால் என்ன?

நாம் உண்ணும் உணவையும் சுவாசிக்கும் ஆக்சிஜனையும் கொண்டு செல்லுக்குத் தேவையான ஆற்றலைத் தயாரிக்கும் நுண்ணுறுப்புதான் மைட்டோகாண்ட்ரியா. இதயம், மூளை, தசை போன்ற ஓயாமல் உழைக்கும் உறுப்புகளின் செல்களில் இவை ஏராளமாக உள்ளன. இவற்றுக்கென்று தனி டி.என்.ஏ.வும் உண்டு. 37 மரபணுக்களைக் கொண்ட அது நமக்குத் தாய்வழியாக வருகிறது.

ஆற்றல் தயாராகும்போது, பிற மூலக்கூறுகளைச் சிதைக்கக்கூடிய ஆக்சிஜன் துணைப்பொருள்களும் உண்டாகின்றன. பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியா ஆற்றலைக் குறைவாகத் தருவதோடு, இந்தப் பொருள்களை அதிகமாகக் கசியவும் விடுகிறது. அதை அகற்றாவிட்டால் செல்லுக்கே ஆபத்து.

எப்படி அகற்றப்படுகிறது?

செல் தன் கழிவைத் தானே செரித்துக்கொள்வதற்கு 1963-ல் 'ஆட்டோபேஜி' என்று பெயரிட்டவர் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டுவே. ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு, இதற்குக் காரணமான மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் தேர்ந்து அகற்றும் வகைக்கு 'மைட்டோபேஜி' என்று பெயர்.

நல்ல மைட்டோகாண்ட்ரியா, பிங்க்-1 என்ற புரதத்தை உள்ளே இழுத்து அழித்துவிடும். பழுதானதால் அப்படி இழுக்க முடியாது. எனவே அந்தப் புரதம் அதன் வெளிச்சுவரிலேயே குவிகிறது. உடனே பார்கின் என்ற இன்னொரு புரதம் அங்கு வந்து, 'இது அகற்றப்பட வேண்டியது' என்ற வேதி அடையாளத்தை ஒட்டுகிறது. பிறகு ஒரு சவ்வுப்பை அதை முழுவதுமாகச் சூழ்ந்து லைசோசோமிடம் சேர்க்கிறது. அங்குள்ள நொதிகள் அதைச் சிதைக்க, கிடைக்கும் மூலப்பொருள்களைச் செல் மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது.

இது தடைபட்டால்?

பார்கின் மரபணு 1998-லும், பிங்க்-1 மரபணுவின் பங்கு 2004-லும் கண்டறியப்பட்டது இளவயதிலேயே பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய் வந்த குடும்பங்களில்தான். பெரும்பாலோருக்கு இந்நோய் வர இவ்விரு மரபணுக்கள் காரணமல்ல. ஆனாலும், துப்புரவு தடைபட்டால் மூளைச் செல்கள் எப்படி மடிகின்றன என்பதை அக்குடும்பங்களின் மூலமே மருத்துவ உலகம் அறிந்தது. 2013-ல் விஞ்ஞானிகள் தொகுத்த முதுமையின் 9 அடையாளங்களில் மைட்டோகாண்ட்ரியா பழுதும் ஒன்று. 2023-ல் அது 12 ஆக விரிந்தபோது ஆட்டோபேஜி குறைபாடும் சேர்க்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியது

மாதுளையிலும் வால்நட்டிலும் உள்ள சில பொருள்களைக் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின்-ஏ ஆக மாற்றுகின்றன. இது மைட்டோபேஜியைத் தூண்டி ஆய்வகப் புழுக்களின் ஆயுளைக் கூட்டியதாக 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் 2022-ல் வெளியான, முதியோரிடம் நடந்த சோதனையில் தசையின் தாங்குதிறன் மேம்பட்டாலும், 6 நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம் மாத்திரை எடுக்காதவர்களைவிடக் குறிப்பிடும்படி கூடவில்லை. மாதுளை நல்ல பழம். அதற்காக 'இளமை மாத்திரை' விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

நோன்பையும் ஆட்டோபேஜியையும் இணைத்துப் பல செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ஓசுமியின் ஆய்வு ஈஸ்ட் செல்களில் நடந்தது. மனிதர் இத்தனை மணி நேரம் பசித்திருந்தால் இன்ன நோய் தீரும் என்று அது கூறவில்லை. நடுக்குவாதத்திற்கு நேரம் தவறாமல் மருந்து எடுப்பவர்கள், நோன்புக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

உறுதியான பலன் தருவது உடற்பயிற்சிதான். முறையாக நடப்பதும் உழைப்பதும் தசைகளில் புதிய மைட்டோகாண்ட்ரியாக்கள் உருவாக உதவுகின்றன. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தினமும் நடக்க அழைத்துச் செல்லுங்கள். சும்மா இருக்கும்போதே கை நடுங்கினாலோ, நடை மெதுவானாலோ வயதின் மீது பழி போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.